8 சேனல் 24 மெகாஹெர்ட்ஸ் லாஜிக் அனலைசர்: தப்பு ஒயரிலா, புரோகிராமிலா?

ராஸ்பெரி பை, ஆர்டுயினோ, ஈஎஸ்பி போர்டுகளில் வேலை செய்பவர்களின் நேரத்தை அதிகம் தின்பது ஒரே கேள்விதான்: தப்பு ஒயரிங்கிலா, புரோகிராமிலா? சென்சார் பதில் சொல்லாவிட்டால் ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகுகிறோம், லைப்ரரியை மாற்றுகிறோம், எஸ்டி கார்டில் புதிதாக இயங்குதளம் ஏற்றுகிறோம். மல்டிமீட்டர் 3.3 வோல்ட் வருகிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளும். அந்தக் கம்பியில் நொடிக்கு லட்சம் தடவை என்ன ஏறி இறங்குகிறது என்று அதற்குத் தெரியாது.

அதைக் காட்டும் கருவிகளில் மிக மலிவானது இந்தச் சின்ன யூஎஸ்பி லாஜிக் அனலைசர். பல பெயர்களில், பெயரே இல்லாமலும் விற்கிறது. வெளிப்பெட்டி எப்படியிருந்தாலும் பெரும்பாலானவற்றுக்குள் இருப்பது ஒரே சிப்தான்: சைப்ரஸ் நிறுவனம் வடிவமைத்த எஃப்எக்ஸ்2எல்பி. லினக்ஸில் சிக்ராக் திட்டத்தின் பல்ஸ்வியூ மென்பொருளோடு சேர்த்துப் பார்க்கும்போது, மல்டிமீட்டருக்கு அடுத்து வாங்க வேண்டிய கருவி இது என்பதே என் கருத்து. ஆனால் இது எதைக் காட்டும், எதை மறைக்கும் என்று தெரியாமல் நம்பினால் தப்பான இடத்தில் தேட வைத்துவிடும்.

பெட்டியும் உள்ளே இருப்பதும்

முன்பக்கம் பத்து பின்: எட்டு சேனல், ஒரு கிரவுண்ட், ஒரு கிளாக் அல்லது இரண்டாவது கிரவுண்ட். பின்பக்கம் பெரும்பாலும் மினி யூஎஸ்பி. பல பெட்டிகளில் சேனல்களுக்கு 1 முதல் 8 வரை எண் இருக்கும். பல்ஸ்வியூவிலோ அவை 0-வில் தொடங்கி 7-இல் முடியும். பெட்டியில் 1 என்று இருப்பது திரையில் 0. "ஒன்றுமே வரவில்லை" என்று பலர் குழம்புவதற்கு இந்த ஓர் எண் வித்தியாசமே காரணம்.

கூட வரும் ஜம்பர் ஒயர்கள் வேலைக்கு ஆகும், ஆனால் நம்பிக்கைக்குரியவை அல்ல. கொக்கி கிளிப்புகளோடு வரும் தொகுப்புகளில் கொக்கிக்கும் ஒயருக்கும் நடுவே தொடர்பு சரியாக இல்லாமல் இருப்பது சகஜம். வாங்கியவுடன் செய்ய வேண்டிய சோதனை எளிது: கிரவுண்டை இணைத்துவிட்டு, ஒவ்வொரு கொக்கியையும் 3.3 வோல்ட் பின்னில் தொட்டுப் பாருங்கள். திரையில் அந்த வரி மேலேறி அசையாமல் நிற்க வேண்டும். ஒயரை லேசாக ஆட்டும்போது வரி துடித்தால் அந்தக் கொக்கியைத் தூக்கிப் போடுங்கள். இதைச் செய்யாமல் வேலையைத் தொடங்கினால் பிறகு கொக்கியின் கோளாறை சென்சார் மேல் போட்டுத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

உள்ளே நினைவகம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. எடுக்கும் ஒவ்வொரு சாம்பிளும் (ஒரு கணத்தில் எட்டு சேனலும் மேலேயா கீழேயா என்ற பதிவு) உடனே யூஎஸ்பி வழியாகக் கணினிக்குப் போய்விடும். எட்டு சேனலுக்கு ஒரு பைட், 24 மெகாஹெர்ட்ஸில் நொடிக்கு 2.4 கோடி பைட். இதில் ஒரு பெரிய நன்மையும் ஒரு தொல்லையும் உண்டு. நன்மை: கணினியில் நினைவகம் இருக்கும்வரை நிமிடக்கணக்கில் பதிவு செய்யலாம். தொல்லை: கணினி ஒரு கணம் தாமதித்தால் சிப்புக்குள் இருக்கும் சிறு பஃபர் நிரம்பி வழிந்து, பதிவு பாதியில் நின்றுவிடும். நீங்கள் பத்து நொடி கேட்டிருந்தால் அரை நொடியோடு முடிந்திருக்கும். அப்படி நடந்தால் ஹப்பை விட்டுவிட்டுக் கணினியின் போர்ட்டிலேயே நேராகச் சொருகுங்கள், நீளமான கேபிளை மாற்றுங்கள், வேகத்தை 16 அல்லது 12 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். ராஸ்பெரி பை 3-இலும் அதற்கு முந்தைய பி மாடல்களிலும் ஈதர்நெட்டும் எல்லா யூஎஸ்பி போர்ட்டுகளும் ஒரே யூஎஸ்பி 2.0 பாதையைப் பகிர்வதால், அனலைசரை அவற்றிலேயே சொருகும்போது முழு வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

லினக்ஸில் நிறுவுதல்

டெபியன், உபுண்டு, ராஸ்பெரி பை ஓஎஸ் மூன்றிலும் பல்ஸ்வியூ தொகுப்பாகவே கிடைக்கிறது. அதோடு எஃப்எக்ஸ்2லாஎஃப்டபிள்யூ என்ற ஃபர்ம்வேர் (கருவியின் சிப்புக்குள் ஓடும் புரோகிராம்) தொகுப்பும் நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பெட்டி தனக்கென்று ஃபர்ம்வேர் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை சொருகும்போதும் கணினிதான் அதை ஏற்றுகிறது. ஃபர்ம்வேர் ஃபைல் இல்லாவிட்டால் கருவி யூஎஸ்பி பட்டியலில் தெரியும், பல்ஸ்வியூவில் வேலை செய்யாது.

எல்எஸ்யூஎஸ்பி கட்டளை கொடுத்தால் முதலில் 0925:3881 என்ற அடையாள எண் தெரியும். பல்ஸ்வியூ தேடியவுடன் ஃபர்ம்வேர் ஏறி, கருவி யூஎஸ்பியிலிருந்து விலகி மறுபடி புது எண்ணோடு சேரும்: 1டி50:608சி. விர்ச்சுவல் மெஷினுக்குள் பயன்படுத்துபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். முதல் எண்ணை மட்டும் உள்ளே அனுப்பியிருந்தால், எண் மாறியதும் கருவி வெளியே வந்துவிடும். இரண்டு எண்களையும் அனுமதிக்க வேண்டும்.

சாதாரணப் பயனராகத் தேடும்போது கிடைக்காமல், சூடோ கொடுத்தால் கிடைக்கிறது என்றால் அது அனுமதிப் பிரச்சினை. சிக்ராக்கின் யூடெவ் விதி ஃபைல்கள் (எந்தக் கருவியை யார் தொடலாம் என்று லினக்ஸுக்குச் சொல்பவை) இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து, கருவியைப் பிடுங்கிச் சொருகுங்கள். எஸ்எஸ்எச் வழியாக உள்ளே வருபவர்கள் பிளக்டெவ் குழுவில் தங்கள் பெயரைச் சேர்க்க வேண்டியிருக்கலாம். எப்போதும் ரூட்டாகவே ஓட்டிக்கொண்டிருப்பது தீர்வல்ல.

கடைசியாக ஒரு வேண்டாத விருந்தாளி: சில பெட்டிகளில் அடையாளம் வைத்திருக்கும் ஈஈப்ராம் அழிந்துபோய், வெறும் சைப்ரஸ் எண்ணான 04பி4:8613 தெரியும். லினக்ஸ் கெர்னலின் யூஎஸ்பிடெஸ்ட் மாட்யூல் அந்த எண்ணைத் தனக்கென்று பிடித்துக்கொள்ளும். அந்த மாட்யூலை இறக்கிவிட்டுத் தேடினால் சிக்ராக் கருவியைக் கண்டுகொள்ளும்.

பல விற்பனையாளர்கள் வேறொரு நிறுவனத்தின் மென்பொருளோடு இதைப் பயன்படுத்தச் சொல்வார்கள். அது அந்த நிறுவனம் தன் சொந்தக் கருவிகளுக்காக எழுதியது. பல்ஸ்வியூ கட்டற்ற மென்பொருள், வேலையும் நன்றாகச் செய்கிறது. அதுவே போதும்.

எவ்வளவு வேகம் உண்மையில் கிடைக்கும்

24 மெகாஹெர்ட்ஸ் என்றால் 24 மெகாஹெர்ட்ஸ் சிக்னலைப் பார்க்கலாம் என்று அர்த்தமில்லை. ஒரு கிளாக் சுற்றுக்கு நான்கு சாம்பிளாவது வேண்டும். ஆகவே எஸ்பிஐ (தனிக் கிளாக் கம்பியோடு ஓடும் வேகமான இணைப்பு) போன்றவற்றுக்கு நடைமுறை எல்லை 6 மெகாஹெர்ட்ஸ். 100 அல்லது 400 கிலோஹெர்ட்ஸ் ஐ2சி (இரண்டே கம்பியில் பல சிப்கள் பேசும் முறை), 115200 சீரியல், 1-ஒயர், எல்இடி பட்டை எல்லாம் தாராளமாக அடங்கும். சிறு டிஸ்பிளேக்களுக்கு 32 மெகாஹெர்ட்ஸில் ஓடும் எஸ்பிஐ இதில் தெரியாது. டிரைவரில் வேகத்தை 1 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கிவிட்டுப் பாருங்கள். அப்போது டிஸ்பிளே ஒழுங்காக வேலை செய்துவிட்டால், பிரச்சினை பெரும்பாலும் ஒயரின் நீளம் என்று பாதி விடை கிடைத்துவிட்டது.

எப்போதும் உச்ச வேகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று நினைக்க வேண்டாம். பத்து லட்சம் சாம்பிள் 24 மெகாஹெர்ட்ஸில் 42 மில்லி செகண்டுக்குத்தான் வரும். 1 மெகாஹெர்ட்ஸில் முழு ஒரு நொடி. 9600 சீரியலுக்கு 200 கிலோஹெர்ட்ஸ் போதும்.

ஐ2சி: இந்தக் கருவி தன் விலையை மீட்கும் இடம்

ஐ2சி கம்பிகளில் (பஸ்) எந்தெந்த முகவரி பதில் சொல்கிறது என்று தேடும் ஐ2சிடிடெக்ட் கட்டளையைக் கொடுத்தால் கட்டமெல்லாம் காலி. இதற்குக் காரணம் ஐந்தாறு இருக்கலாம், வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். அனலைசரில் ஒவ்வொன்றுக்கும் தனி முகம் உண்டு.

எஸ்சிஎல் (கிளாக் கம்பி) அசையவே இல்லை என்றால் பை அந்தப் பின்னில் பேசவில்லை: ஐ2சி இயக்கப்படவில்லை அல்லது வேறு பின்னில் சொருகியிருக்கிறீர்கள். எஸ்டிஏ (டேட்டா கம்பி) எப்போதும் கீழேயே கிடக்கிறது, ஐ2சிடிடெக்டும் ஒவ்வொரு முகவரிக்கும் நின்று நின்று நகர்கிறது என்றால், சென்சார் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சென்சாரைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பையை மறுபடி துவக்கினால் இது நடக்கும். சென்சார் தன் மீதி பிட்களை அனுப்பக் கிளாக்குக்காகக் காத்திருக்கிறது. எஸ்சிஎல் பின்னைச் சாதாரண ஜிபிஐஓவாக மாற்றி ஒன்பது கிளாக் துடிப்பு கொடுத்தால் விட்டுவிடும்; சென்சாரின் மின்சாரத்தைத் துண்டித்துக் கொடுத்தாலும் சரி.

முகவரி ஒழுங்காகப் போகிறது, ஒன்பதாவது பிட் மேலேயே நிற்கிறது, டிகோடர் (அலைவடிவத்தை எழுத்தாக மாற்றும் பல்ஸ்வியூ பகுதி) நாக், அதாவது பதில் இல்லை என்று காட்டுகிறது: பஸ் நன்றாக இருக்கிறது, அந்த எண்ணில் யாரும் இல்லை. எல்சிடியின் பின்னால் ஒட்டியிருக்கும் போர்டில் பிசிஎஃப்8574 இருந்தால் முகவரி பொதுவாக ஹெக்ஸ் 27, பிசிஎஃப்8574ஏ இருந்தால் 3எஃப். பிஎம்இ280 சென்சார் என்றால் 76 அல்லது 77. சிப்பின் மேல் எழுதியிருப்பதை லென்ஸ் வைத்துப் படியுங்கள்.

ஆக் (பதில்) வருகிறது, ஆனால் மதிப்பு அவ்வப்போது தாறுமாறாக இருக்கிறது என்றால் எஸ்சிஎல்லை உற்றுப் பாருங்கள். சில சென்சார்கள் கூடுதல் நேரம் கேட்டு எஸ்சிஎல்லைக் கீழே பிடித்து வைக்கும். இதற்குக் கிளாக் ஸ்ட்ரெட்சிங் என்று பெயர். பழைய பை போர்டுகளில் இருக்கும் பிசிஎம்2835 வகைச் சிப்பின் ஐ2சி பகுதி இதைச் சரியாகக் கையாளாது. இது அறியப்பட்ட குறை. திரையில் தெரிவது இப்படி: எஸ்சிஎல் வழக்கத்தைவிட நீளமாகக் கீழே இருக்கும், பிறகு மேலே வரும் துடிப்பு மற்றவற்றைவிட ரொம்பக் குறுகலாக, ஊசி மாதிரி நிற்கும். சென்சார் அந்த ஊசியைத் தவறவிட்டால், அதற்குப் பிறகு வருவதெல்லாம் ஒரு பிட் தள்ளிப் போகும். பிஎன்ஓ055 சென்சார் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பஸ் வேகத்தை 10 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்குவது ஒரு வழி. ஐ2சி-ஜிபிஐஓ ஓவர்லேயில் (பையின் வன்பொருள் அமைப்பை மாற்றும் ஃபைல்) மென்பொருள் ஐ2சிக்கு மாறுவது இன்னும் உறுதியான வழி. லைப்ரரியை எத்தனை தடவை மாற்றினாலும் இது தீராது. அலைவடிவத்தைப் பார்க்காதவரை காரணமும் பிடிபடாது.

இனி கருவியே கிளப்பிவிடும் பொய். நடுவில் காரணமே இல்லாமல் ஸ்டார்ட், ஸ்டாப் என்று டிகோடர் எழுதும், சென்சாரோ நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும். ஐ2சியில் வரி கீழே இழுக்கப்படுகிறது, மேலே வருவது புல்-அப் ரெசிஸ்டர் தயவில். 10 கிலோஓம் புல்-அப்பும் 100 பிக்கோஃபேரட் ஒயரும் சேர்ந்தால் மேலேற ஏறக்குறைய 0.85 மைக்ரோ செகண்ட் ஆகும். 400 கிலோஹெர்ட்ஸுக்கு அனுமதி 0.3 மட்டுமே. அவ்வளவு மெதுவாக ஏறும் விளிம்பு, அனலைசரின் எல்லைக்கோட்டை (0, 1 இரண்டையும் பிரிக்கும் வோல்ட்டேஜை) கடக்கும்போது கொஞ்சம் இரைச்சல் இருந்தால்கூட இரண்டு மூன்று தடவை ஏறி இறங்கியதாகப் பதிவாகும். 100 கிலோஹெர்ட்ஸ் பஸ்ஸை 24-க்குப் பதில் 2 மெகாஹெர்ட்ஸில் பதிவு செய்தால் இந்தப் பொய் விளிம்புகள் பெரும்பாலும் மறையும். கிரவுண்ட் ஒயரைச் சென்சாருக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். பையின் ஜிபிஐஓ 2, 3 இரண்டிலும் போர்டிலேயே 1.8 கிலோஓம் புல்-அப் இருப்பதால் அங்கே இது அரிது. ஈஎஸ்பி போர்டுகளில் அடிக்கடி வரும்.

சீரியல்

திரையில் குப்பை எழுத்து வந்தால் பாட் ரேட்டை (நொடிக்கு எத்தனை பிட் என்பதை) ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். பதிவில் இருக்கும் மிகக் குறுகிய துடிப்புதான் ஒரு பிட். 8.68 மைக்ரோ செகண்ட் என்றால் 115200, 104 என்றால் 9600. 13.4 என்று வந்தால் ஈஎஸ்பி8266 துவங்கும்போது 74880-இல் சொல்லும் செய்தி அது, கோளாறு இல்லை. டிஎக்ஸ், ஆர்எக்ஸ் மாறியிருக்கிறதா என்பதும் ஒரே பார்வையில் தெரியும்: எந்தப் பின் அசைகிறதோ அதுதான் பேசுகிறது.

ராஸ்பெரி பை 3-இல் மினி யூஆர்ட்டின் (சீரியல் பேசும் இரண்டு பகுதிகளில் எளியது) வேகம் சிப்பின் கோர் கிளாக்கோடு கட்டப்பட்டிருக்கிறது. 250 மெகாஹெர்ட்ஸுக்குக் கணக்கிட்ட வகுஎண் 400 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் 8.68 என்பது 5.4 மைக்ரோ செகண்டாகச் சுருங்கும். பதிவின் ஓர் இடத்தில் ஓர் அகலம், இன்னோர் இடத்தில் வேறு அகலம் என்றால் சந்தேகமே வேண்டாம். கான்ஃபிக் ஃபைலில் யூஆர்ட்டை இயக்கும் வரியைச் சேர்த்தால் கோர் கிளாக் நிலையாக நிற்கும். புளூடூத் தேவையில்லை என்றால் அதை நிறுத்தும் ஓவர்லேயைப் போட்டு, புளூடூத் பயன்படுத்திவந்த நல்ல யூஆர்ட்டை அந்தப் பின்களுக்குத் திருப்பிக்கொள்ளலாம்.

டிஎச்டி22: யார் மேல் பழி

டிஎச்டி22 என்ற வெப்பநிலை, ஈரப்பதச் சென்சாரைப் படிக்கப் பைத்தானில் எழுதிய புரோகிராம் நான்கு தடவைக்கு ஒரு தடவை தவறுகிறது. சென்சார் மட்டமா? டேட்டா கம்பியில் ஒரு கொக்கியை மாட்டி 1 மெகாஹெர்ட்ஸில் பதிவு செய்யுங்கள். மேலே 26 முதல் 28 மைக்ரோ செகண்ட் இருந்தால் 0, 70 இருந்தால் 1, மொத்தம் 40 பிட். பல்ஸ்வியூவில் இந்தச் சென்சார் குடும்பத்துக்கே டிகோடர் இருக்கிறது; வெப்பநிலை, ஈரப்பதம் இரண்டையும் எண்ணாகவே எழுதிவிடும். புரோகிராம் தவறிய அதே தடவையில் அனலைசரில் 40 பிட்டும் முழுசாக இருந்தால் சென்சாரும் ஒயரும் நிரபராதி. லினக்ஸ் நடுவில் வேறு வேலைக்குப் போய்வந்ததில் சில பிட் கைதவறியிருக்கிறது. கெர்னலின் டிஎச்டி11 ஓவர்லே டிஎச்டி22-க்கும் பொருந்தும். அதற்கு மாறினால் தவறுவது வெகுவாகக் குறையும்.

இது மறைப்பவை

இந்தப் பெட்டி வோல்ட்டேஜைக் காட்டாது. ஏறக்குறைய ஒன்றரை வோல்ட்டுக்கு மேலே 1, கீழே 0, அவ்வளவுதான். இதன் விளைவுகளை மனதில் வைக்காவிட்டால் ஏமாற்றம் நிச்சயம்.

டபிள்யூஎஸ்2812 எல்இடி பட்டையை 5 வோல்ட்டில் ஓட்டும்போது டேட்டா பின்னுக்கு அதில் 0.7 பங்கு, அதாவது 3.5 வோல்ட் வேண்டும் என்கிறது அதன் டேட்டாஷீட். பை தருவது 3.3. அனலைசரில் ஒவ்வொரு பிட்டும் அச்சுப் பிசகாமல் தெரியும், பட்டை மட்டும் கண்ட நிறத்தில் மினுக்கும். திரை சரியென்று சொல்வதால் புரோகிராமைத் தோண்டிக்கொண்டிருக்காதீர்கள். 74எச்சிடி வகை லெவல் மாற்றி ஒன்றைப் போடுங்கள்.

மின்சாரக் குறைவும் அப்படித்தான். பை 4.63 வோல்ட்டுக்குக் கீழே எச்சரிக்கை கொடுக்கும். 5 வோல்ட் வரி 4.4-க்கு இறங்கினாலும் அனலைசர் அதை 1 என்றே காட்டும். போர்டு திடீரென்று மறுபடி துவங்குகிறது என்றால் இதை எடுக்காதீர்கள். மல்டிமீட்டரையும் நல்ல பவர் சப்ளையையும் எடுங்கள்.

எங்கும் இணைக்காத சேனல் வெறும் இரைச்சலைப் பிடித்து ஆடும். அதைச் சிக்னல் என்று நினைக்க வேண்டாம். கிரவுண்ட் மாட்ட மறந்தால் எல்லா சேனலும் அப்படி ஆடும்.

உடைக்காமல் இருக்க

உள்ளீடு 0 முதல் 5 வோல்ட் வரை. 1.8 வோல்ட் லாஜிக்கில் படிப்பது நிச்சயமில்லை. ஆர்எஸ்-232 போர்ட், 12 வோல்ட் ரிலே, மோட்டார் கம்பி எதிலும் மாட்டக் கூடாது. இதன் கிரவுண்ட் கணினியின் கிரவுண்டேதான், நடுவே தனிமைப்படுத்தும் எதுவும் கிடையாது. வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்புள்ள சர்க்யூட்டில், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத மலிவு பவர் சப்ளை உள்ள போர்டில் கிரவுண்ட் கொக்கியை மாட்டினால் போவது கணினி மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று: வேலை முடிந்து யூஎஸ்பியை மட்டும் பிடுங்கிவிட்டுக் கொக்கிகளை அப்படியே விடாதீர்கள். சில பெட்டிகளின் பஃபர் சிப் மின்சாரம் இல்லாதபோது பஸ்ஸைக் கீழே இழுக்கும். "அனலைசர் மாட்டியிருந்தால் வேலை செய்கிறது, எடுத்தால் நிற்கிறது" என்ற புதிரில் பாதி இதுதான். மீதிப் பாதி, உங்கள் இரண்டு போர்டுகளுக்கும் பொதுக் கிரவுண்ட் இல்லாமல் அனலைசரின் கிரவுண்ட் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

யார் வாங்கலாம்

ஐ2சி, சீரியல், மெதுவான எஸ்பிஐ, ஒற்றைக் கம்பி சென்சார்கள், இவற்றோடு வேலை செய்யும் எவருக்கும் இதைத் தயங்காமல் சொல்வேன். எட்டாவது சேனலைப் புரோகிராமுக்கென்று ஒதுக்கிவையுங்கள்: சந்தேகமான ஃபங்ஷன் தொடங்கும்போது ஒரு ஜிபிஐஓவை மேலே தூக்கி, முடியும்போது இறக்கினால், புரோகிராமும் கம்பியும் ஒரே காலக்கோட்டில் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். பிரிண்ட் வரிகளை நிரப்பித் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கையில் சும்மா கிடக்கும் ராஸ்பெரி பை பைக்கோ இருந்தால் அதையே லாஜிக் அனலைசராக்கும் ஃபர்ம்வேர்கள் உண்டு. இதைவிட வேகமாகவும் எடுக்கும். ஆனால் அதன் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. 5 வோல்ட் ஆர்டுயினோ பக்கம் கொண்டுபோக முடியாது, நீண்ட நேரப் பதிவும் எடுக்க முடியாது. 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடும் எஸ்பிஐயையோ எஸ்டி கார்டின் கம்பிகளையோ நீண்ட நேரம் பதிவு செய்வது, எல்லைக்கோட்டை நாமே மாற்ற வேண்டிய 1.8 வோல்ட் போர்டுகள் என்றால் இரண்டுமே போதாது, விலை கூடிய கருவிக்குத்தான் போக வேண்டும். மற்றவர்கள் அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நல்ல கொக்கி கிளிப்புகளுக்குச் செலவிடுங்கள். பெட்டியோடு வருபவைதான் இந்தக் கருவியில் முதலில் கைவிடும் பாகம்.